மதகடியில் நான் நின்ற இடம்

அந்தக் கார் வந்து என்னை மோதிய நேரத்தில் நான் ரோட்டோரப் புல்லில் நின்றுகொண்டிருந்தேனா, இல்லை, தார் ரோட்டில் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேனா? எட்டு மாதமாகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. பொலிஸில் கேட்டார்கள். காப்புறுதிக் கம்பனியின் படிவத்தில் இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. சட்டத்தரணி கேட்டார். கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் தொலைபேசியில் கேட்டார். எல்லோரிடமும் "ஓரத்துலதான் நின்னேன்" என்று சொன்னேன். சொன்ன ஒவ்வொரு முறையும், அது ஞாபகத்தில் இருந்து வந்த பதிலா, ஓரத்தில் நிற்பது என் வழக்கம் என்பதால் வந்த பதிலா என்று பிறகு உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

ஞாபகம் இருப்பதை மட்டும் முதலில் எழுதுகிறேன். நான் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து நூறு படிகளுக்கு மேல் இறங்கினால் மெயின் ரோடு வரும். அங்கே ஒரு மதகு. பஸ் நிற்கும் இடம் என்று பலகை எதுவும் கிடையாது, மதகுதான் அடையாளம். மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் கொட்டகலைப் பக்கம் போவேன். அவளுடைய முன்பள்ளி என் பாடசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று பனி கனமாக இறங்கியிருந்தது. மகளை மதகுச் சுவரில் உட்கார வைத்து பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். "ரெண்டுதான்" என்றேன். அதற்குப் பிறகு நான் மல்லாந்து கிடக்கிறேன். தலைக்குக் கீழே யாரோ, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை மடித்து வைத்திருக்கிறார்கள். ஈரக் கொழுந்து வாடை அடிக்கிறது. மேலே மலையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். "ரெண்டுதான்" என்று நான் சொன்னதற்கும் அந்த வாடைக்கும் நடுவே எனக்கு ஒன்றுமே இல்லை.

"புள்ள?" என்று கேட்டேனாம். கேட்டதும் நினைவில் இல்லை. பதில் மட்டும் நினைவிருக்கிறது.

"ஒம் புள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. பிஸ்கட்டக் கூட இன்னும் கைய விட்டு விடல. நீ கண்ண மூடாத, டீச்சரு."

சொன்னவர், கொழுந்து பறிக்கும் பெண்களில் மூத்தவர். எங்கள் லயத்தில் கடைசி வீட்டுக்காரர். அவருடைய வாய்க்குப் பயந்து கங்காணியே சுற்றிப் போவார் என்பார்கள். அன்று அந்த வாய் என்னைத் தூங்க விடவில்லை. அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

காரில் வந்தவர்கள் ஒரு சிங்களக் குடும்பம். கொழும்புப் பக்கத்திலிருந்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள். வளைவில் பனிக்குள் கார் சறுக்கியிருக்கிறது. இப்படி நடந்தால் பயத்தில் நிறுத்தாமல் போய்விடுகிறவர்கள் உண்டு. அவர் போகவில்லை. பின் சீட்டில் இருந்த பைகளையெல்லாம் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு, என்னை நீட்டிப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவருடைய மனைவி முன் சீட்டில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் சால்வையைச் சுற்றிவிட்டு, வழியெல்லாம் ஏதோ சிங்களப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். ரோட்டில் விட்ட பைகளை எங்கள் பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பத்திரமாக வைத்திருந்து மறுநாள் கொடுத்தார்களாம். அதில் ஒரு பையில் இருந்த கேக் மட்டும் குறைந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். முழங்காலுக்குள் ஜவ்வும் கிழிந்திருந்தது. அதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கு வரிசை நீளம். தனியாரில் செய்ய எங்களிடம் வசதி இல்லை. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நடக்கலாம். படி ஏற முடியாது. பாரம் தூக்கவே கூடாது" என்றார். நான் குடியிருக்கும் இடமே படிக்கு மேல்தான் இருக்கிறது. மழை பெய்தால் மகளைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். நட்டஈடு என்ற சொல்லை நான் அந்த நிமிடத்துக்கு முன்பு யோசித்ததே இல்லை. இந்த இரண்டாவது சத்திரசிகிச்சைக்காகத்தான் நான் இதில் இறங்கினேன். வேறு ஆசை எனக்கு இல்லை. இருந்தால் இங்கே மறைக்க மாட்டேன்.

நான் செய்த பெரிய பிழை இதற்கு முன்பே நடந்துவிட்டது. வார்ட்டில் இரண்டாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் வாக்குமூலம் எழுத வந்தார். அதே நேரத்தில் அந்தக் கார்க்கார மாத்தயாவும் (சிங்களத்தில் 'ஐயா') மனைவியும் ஆப்பிள், மால்ட் டின், மகளுக்கு ஒரு பொம்மை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்கள். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வந்தவரை மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டோம். வந்தவர் பழத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே "ஒங்க மேல என்னங்க தப்பு, எங்க நேரம்" என்று நாம் சொல்லிவிட வேண்டும். என் மாமியார் அதைச் சொன்னார். நானும் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இன்னும் அழகாகச் சொன்னேன்: இவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இவர் கடவுள் மாதிரி வந்தார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டிருந்தார். முடிந்ததும் தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்கு, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிக் கொடுப்பவள் நான்.

மூன்று மாதம் கழித்து ஹட்டனில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். ஊன்றுகோலோடு அந்தப் படிகளை ஏற எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, கை கொடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "கீழ வந்து பாத்திருப்பேன். ஒங்களால எவ்வளவு ஏற முடியுதுன்னு தெரியணும்னுதான் விட்டேன். கோவிச்சுக்காதீங்க."

பொலிஸிலிருந்து எடுத்த வாக்குமூலப் பிரதியை அவர் வாசித்தார். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, நீங்க வாக்குமூலமா குடுத்தீங்க? வார்ட்டுல ஒரு பாராட்டு விழாவே நடத்தியிருக்கீங்களே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு பிளேன்டீ வரவழைத்தார். காப்புறுதிக் கம்பனிக்குக் கடிதம் எழுதினார். அவர்களின் பதில் ஒரு மாதத்தில் வந்தது. 'சாரதி மீது குறை எதுவும் கூற விரும்பவில்லை என்று பாதசாரியே கூறியுள்ளார். பனிமூட்டத்தில் அவர் வீதிக்குள் இறங்கியிருக்கக்கூடும்' என்று அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியில்தான் என் கேள்வி முதன்முதலில் அச்செழுத்தில் எனக்கு முன்னால் வந்தது.

அந்த வாரம் நான் கார்க்கார மாத்தயாவுக்கே தொலைபேசி எடுத்தேன். எடுக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான். நன்றி மறந்தவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அவர் சிங்களத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன், தங்கச்சி என்று அர்த்தம் வரும் 'நங்கி'யை மட்டும் அப்படியே விட்டு. "நங்கி, வழக்குப் போடுங்க. இன்ஷூரன்ஸ் எதுக்குக் கட்டுறோம்? எனக்குக் கோபமே இல்ல. ஆனா நீங்க எங்க நின்னீங்கன்னு என்னக் கேட்டா எனக்குத் தெரியாது. பனிதான் தெரிஞ்சது. அப்புறம் சத்தம். அத மாத்திச் சொல்ல மாட்டேன்." அவர் மனைவி தொலைபேசியை வாங்கி, மகள் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். அவர்களை எதிராளி என்று படிவத்தில் எழுத இன்றும் என் கை கூசுகிறது.

சட்டத்தரணி சொன்னார், மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம், ஆனால் பார்த்தவர்கள் வேண்டும் என்று. நான் கடைசி வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. வேலை நாளில் பொலிஸுக்கு வந்தால் அன்றைய பேர் விழாது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. அது இல்லாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அதைத்தான் சொன்னாராம். அக்கா திருப்பிச் சொன்னதை, அவரோடு சாட்சி சொல்ல வர ஒத்துக்கொண்ட மற்ற இரண்டு பெண்களும் எனக்கு நடித்தே காட்டினார்கள்.

"எம் பேர நீங்க எழுதாட்டி நான் பேரில்லாதவளா ஆயிருவேனாய்யா? நாளைக்கும் கொழுந்து செடியிலதான் இருக்கும். எறங்கி ஓடிராது."

மூன்று பேரும் கல்யாண வீட்டுக்குப் போவது போல் புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பஸ் காசு கொடுக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "ஒன்னத் தூக்கி கார்ல போட்டப்ப காசு வாங்குனமா? பேசாம வா."

பொலிஸ் நிலையத்தில் அன்று நல்ல காலமாக ஒரு பெண் பொலிஸ் இருந்தார். சிங்களப் பெண்தான். தோட்டப் பாடசாலைக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் தமிழ் எங்களைப் போலவே பேசினார். ஒவ்வொரு வசனமாக எழுதி, ஒவ்வொன்றையும் தமிழில் வாசித்துக் காட்டினார். "இந்த மொற கேட்டுட்டு சைன் பண்ணுங்க, டீச்சர்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் முதலில் கேட்டது, அவ்வளவு பனியில் எப்படித் தெரிந்தது என்பது.

"பனியில எது கொழுந்து, எது முத்தல்னு பாத்துக் கிள்ளுற கண்ணு இது" என்றார் அக்கா. "ஆறடிக்கு ஒரு டீச்சரு நிக்கிறது தெரியாதா?"

நான் ஐந்தடிதான். அதை யாரும் எழுதவில்லை.

எந்த இடத்திலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் பதில் சொன்ன விதம் எனக்குக் கண்ணில் நிற்கிறது. ரோட்டில் போகிற ஒருவரைக் கேட்டால் 'அங்கே எங்கேயோ' என்பார். கொழுந்து பறிப்பவர்களுக்கு அப்படி இல்லை. காலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அதை முடிக்கும்வரை அந்த வரிசையை விட்டு நகர மாட்டார்கள். அக்கா மேசையில் இருந்த பேனாக்களை எடுத்து நிரை நிரையாக வைத்தார். இது அவர், இது மற்றவர், இது இளையவள். முத்திரைப் பெட்டிதான் மதகு. அழிறப்பர்தான் நான். "என் நிரை ஓரத்து நிரை. அதுல நின்னா மதகு நேர் கீழ. டீச்சரு புல்லுல, மதகு ஒட்டி நின்னுச்சு. நான் பாத்தேன். கொழுந்த கூடையில போட்டேன். சத்தம் கேட்டுச்சு. மறுபடி பாத்தேன். டீச்சரு கீழ கெடந்துச்சு."

நடுவில் நின்றவரும் அப்படியே சொன்னார். இளையவள், சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன் என்று சொன்னாள். பொய் சொல்ல அவள் முயலவும் இல்லை, யாரும் அவளைச் சொல்லச் சொல்லவும் இல்லை. எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வடையும் டீயும் சாப்பிட்டோம். அங்கே மட்டும் என்னைக் காசு கொடுக்க விட்டார்கள். அக்கா டீயை ஊதிக்கொண்டே சொன்னார், "ரோட்டப் பாத்து நடங்கன்னு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறது நீ. ஒன்னக் காப்பாத்த நாங்க மூணு பேரு சீல கட்டிக்கிட்டு வரணும்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். விபத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

அந்த வாக்குமூலங்கள் போன பிறகு கம்பனியின் பேச்சு மாறியது. பேசித் தீர்க்கத் தயார் என்று எழுதினார்கள். சட்டத்தரணிக்கு நம்பிக்கை வந்தது. டொக்டரிடம் திகதி கேட்டு வைக்கலாம் என்றார். நான் கோவிலுக்குப் போய் அந்த மூன்று பேருடைய பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். பெண் பொலிஸின் பெயரையும் சேர்த்துச் சொன்னபோது ஐயர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, மகளுக்குக் கம்பளிக் குல்லா போட்டுவிட்டேன். அவள் அதைக் கழற்றினாள்.

"இது வேணாம். இது ரோட்டுல விழுந்த குல்லா."

"எப்ப விழுந்திச்சு?"

"கார் வந்தப்ப. அம்மா எடுக்கப் போச்சு."

நான் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவளை நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவள் வாயில் நானே ஒரு பதிலை வைத்துவிடக் கூடாது என்று பயந்தேன். நான்கு நாள் கழித்து, பொறுக்க முடியாமல், குல்லா எப்படி விழுந்தது என்று மட்டும் கேட்டேன். "கார்தான் குல்லா எடுக்க வந்திச்சு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, காருக்குக் குளிர்ந்தது என்றாள்.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். "மூணு வயசுப் புள்ள சொல்றதப் பிடிச்சுக்கிட்டு நீ ஒன் காலக் கெடுத்துக்காத. போன வாரம் அது எங்கிட்ட, நெலா கொழுந்து எடுக்கப் போயிருக்குன்னு சொன்னிச்சு. அதையும் சட்டத்தரணிகிட்ட சொல்லுவியா?" என்றார். சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

அக்கா சொன்னதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பார்த்தார், கொழுந்தைக் கூடையில் போட்டார், சத்தம் கேட்டது, மறுபடி பார்த்தார். ஒரு பிடி கொழுந்தை முதுகுக் கூடைக்குள் எறிய எவ்வளவு நேரம் ஆகும்? நான் சும்மா கையை ஓங்கிப் பார்த்தேன். அந்த நேரத்துக்குள் ஒரு தாய் குனிந்து ஒரு குல்லாவை எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம். அக்கா ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. என் மகளும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். குல்லா எடுக்க நான் இறங்கியிருந்தாலும், வளைவில் சறுக்கும் அளவு வேகத்தில் வந்தது காரின் பிழைதானே என்றும் ஒரு மனம் சொல்கிறது. சட்டத்தில் அது எப்படி என்று எனக்குத் தெரியாது.

பேசித் தீர்ப்பதற்காகக் கம்பனிக்குக் கொடுக்கவேண்டிய சத்தியக் கடதாசி இப்போது தயாராகிவிட்டது. வருகிற புதன்கிழமை போய்க் கையெழுத்திட வேண்டும். 'நான் வீதியோரத்தில் மதகின் அருகே நின்றுகொண்டிருந்தபோது' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இந்த முறை நான் வாசித்துவிட்டேன். ஆறு தடவை வாசித்துவிட்டேன். மகள் சொன்னதை இன்னும் சட்டத்தரணியிடம் சொல்லவில்லை. சொன்னால் கம்பனி அதைப் பிடித்துக்கொள்ளுமோ, சத்திரசிகிச்சை கைநழுவிப் போகுமோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு எனக்காக வந்த அந்த மூன்று பெண்களையும் யாராவது பொய்ச்சாட்சி என்று கூப்பிட்டுவிடுவார்களோ? சொல்லாமல் கையெழுத்திட்டால், தெரியாததைத் தெரிந்ததாகச் சத்தியம் செய்தவள் ஆகிவிடுவேன்.

எனக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல என்று எனக்குத் தெரியும். மகள் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறாள். நிறுத்தி ஏற்றிய மனிதர் கிடைத்தார், வாசித்துக் காட்டிய பொலிஸ் கிடைத்தார், என்னைத் தூங்கவிடாத ஒரு வாய் கிடைத்தது. இவ்வளவு பேர் தாங்கிப் பிடித்த பிறகு, கடைசி வரியில் நான் பிழை செய்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இப்படி நட்டஈடு கேட்டுப் போன அனுபவம் உள்ளவர்கள், அல்லது சட்டம் தெரிந்தவர்கள் இதை வாசித்தால் எனக்குச் சொல்லுங்கள். 'நின்ற இடம் நினைவில்லை' என்று நேராகவே எழுதிக் கையெழுத்திடலாமா? அப்படி எழுதினால் பார்த்தவர்களின் வாக்குமூலத்துக்கு அதனால் ஏதாவது பங்கம் வருமா? மூன்று வயதுப் பிள்ளை சொன்னதைச் சட்டத்தரணியிடம் சொல்வது என் கடமையா, அல்லது இது என் வீண் குழப்பம் மட்டும்தானா? புதன்கிழமைக்கு முன்பு யாராவது எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.